தேடிய தேட்டம்

ஒரேயொரு வினைச்சொல்லைப் பற்றி இன்று உங்களுடன் பேச எண்ணியுள்ளேன். ‘தேடு’ என்பது அச்சொல். சிறு பிள்ளைக்கும் தெரிந்த சொல்லாயிற்றே, இதிலே பேசுதற்கு என்ன உண்டு என நீங்கள் வினவலாம். காணாமற்போன திறப்பைத் தேடுகின்றோம். வழிதவறிய மாட்டைத் தேடுகின்றோம். பிள்ளைக்கு நல்ல வரன் தேடுகின்றோம். இவற்றிலே ஐயத்துக்கு இடமில்லை. ஆயின் நம் ஊர்களிலே முதியோர், “அந்த மனிசன் நல்லாய்த் தேடி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினவர்” என்று கூறுவதையும் கேட்டிருப்பீர்கள். அம்மனிதர் எதனைத் தொலைத்தார்? எதனையும் தொலைத்தாரில்லை. ஆண்டுக்கணக்காக உழைத்து, வயிற்றைக் கட்டி, காணியும் வீடும் நகையுமாகச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்தார் என்பதே அவ்வாக்கியத்தின் கருத்து. இல்லாததை நாடித் திரிதலைக் குறிக்கும் சொல், உள்ளதைச் சேர்த்துப் பெருக்குதலையும் குறிப்பதாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதே நான் ஆராய விரும்பும் பொருள்.

முதலிற் சொல்லின் வடிவத்தைப் பார்ப்போம். ‘தேடு’ என்பதிலிருந்து ‘தேட்டம்’ என்னும் பெயர் பிறக்கின்றது. ஓடு என்பது ஓட்டம் எனவும், ஆடு என்பது ஆட்டம் எனவும், கூடு என்பது கூட்டம் எனவும், வாடு என்பது வாட்டம் எனவும் வருமாறு போல, நெட்டெழுத்தை அடுத்து நின்ற டகரம் இரட்டித்து ‘அம்’ என்னும் விகுதி பெற்று வந்த பெயர் இது. இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு தெரியவரும். ஓட்டமும் ஆட்டமும் தொழிலைக் குறிக்கும். ஓடுபவன் நின்றால் ஓட்டமும் நின்றுவிடும். கூட்டமோ, கூடியதன் விளைவாக நம் கண்முன் நிற்பது. தேட்டமும் அத்தகையதே. தேடுதல் முடிந்த பின்னரும், தேடியவரே இறந்த பின்னரும், தேட்டம் இருக்கும்.

நமது அயல்மொழியாகிய மலையாளத்திலே இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. தமிழிலே ‘நேடு’ என்றொரு பழைய வினை இருந்தது. தேடுதல் என்பதே அதன் பொருள். பேச்சு வழக்கில் அஃது இப்பொழுது இல்லை. பக்திப் பாடல்களைப் பயின்றோர் அறிவர். அதே வினை மலையாளத்தில் ‘நேடுக’ என இன்றும் வழங்குகின்றது. அங்கே அதற்குத் தேடுதல் என்பது பொருளன்று. பெறுதல், அடைதல், சம்பாதித்தல் என்பனவே பொருள். ‘நேட்டம்’ என்றால் அவர்களுக்கு ஆதாயம், அடைந்த பேறு. ஆகவே, தேடுதலிலிருந்து பெறுதலுக்குச் சொல் நகர்வது யாழ்ப்பாணத்தார் மட்டும் செய்துகொண்ட புதுமையன்று. தேடுவோன் பெறுவான் என்னும் நம்பிக்கை இரு மொழியாரின் நாவிலும் ஊறியிருந்தது போலும்.

பொருள் சேர்த்தலைக் குறிக்கத் தமிழிலே வேறு வினைகள் இல்லாமலில்லை. திரள்வது தன்வினை, திரட்டுவது பிறவினை. வெண்ணெய் தானே திரளும். ஆட்களை நாம் திரட்டுவோம். தொகுத்தல் என்பது சிதறிக் கிடப்பனவற்றை ஒழுங்குபடுத்திச் சேர்த்தல். நூலுக்கும் கணக்குக்கும் அது பொருந்தும். ‘சேமி’ என்பது வடமொழி க்ஷேமம் என்பதன் வழிவந்தது. க்ஷேமம் என்பது நலம், காப்பு. எனவே சேமித்தல் என்பது உண்மையிலே சேர்த்தலன்று, காத்தல். கையில் வந்ததைச் செலவாகாமற் காப்பவன் சேமிப்பவன். வந்த வழியைப் பற்றி அச்சொல் ஒன்றும் கூறாது. ‘சம்பாதி’ என்பதும் வடசொல்லே. சம்பத்து என்பதும் அதுவும் ஒரே தாயின் பிள்ளைகள்.

இவற்றுள் ‘ஈட்டு’ என்பதைச் சற்று நின்று நோக்கவேண்டும். ‘ஈண்டு’ என்றால் ஒருங்கு கூடுதல், நெருங்குதல். அதன் பிறவினை ‘ஈட்டு’. நீங்கு நீக்கு எனவும், அடங்கு அடக்கு எனவும், திரும்பு திருப்பு எனவும் வருமாறு மெல்லினம் வல்லினமாகித் தன்வினை பிறவினையாயிற்று. திருக்குறளிலே அரசனுக்குரிய செயல்களைக் கூறுமிடத்தில், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதலை அடுத்து ஈட்டல் வைக்கப்பட்டுள்ளது. அதன் பின்னரே காத்தலும் வகுத்தலும் வருகின்றன. ஈட்டல் வேறு, காத்தல் வேறு என்னும் தெளிவு வள்ளுவருக்கு இருந்தமையைக் காண்க. மாணாக்கர் சிலர் இழப்பீடு, நட்டஈடு என்பனவற்றில் வரும் ‘ஈடு’ என்பதையும் ‘ஈட்டு’ என்பதையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவர். அது தவறு. ஈடு என்பது ‘இடு’ என்னும் வினையின் முதனிலை நீண்டு பெயரானது; கெடு என்பது கேடு ஆனாற்போல. காணியை ஈடு வைக்கிறோமே, அந்த ஈடு அது. ஈட்டியதை ஈடு வைப்பதும் உலகிலே நடப்பதுதான். ஆனால் அவை இரண்டும் உறவில்லாத சொற்கள்.

‘ஈட்டு’ இன்று ஏட்டிலே வாழ்கின்றது. வருமானம் ஈட்டினார் என்று பத்திரிகை எழுதும். எங்கள் ஊரிலே ஒருவரும் அவ்வாறு பேசுவதில்லை. பேச்சிலே நின்று நிலைத்தது ‘தேடு’ என்பதே.

‘தேடு’ என்னும் வினை பொருளோடு சேர்ந்து வருவதற்கு ஔவையாரிலும் மேலான சாட்சி வேண்டியதில்லை. கொன்றைவேந்தனிலே கடல் கடந்தேனும் திரவியம் தேடுமாறு அவர் ஏவுகின்றார். திண்ணைப் பள்ளிக்கூடம் தொட்டு இன்றுவரை அதனை ஒப்புவியாத பிள்ளை இல்லை. அங்கே ‘தேடு’ என்பதற்குத் தொலைந்ததைத் தேடு என யாரும் பொருள் கொள்ளார். அதே ஔவையார் பேரால் வழங்கும் நல்வழியிலே, பாடுபட்டுத் தேடிய பணத்தை மண்ணிலே புதைத்து வைப்போரைக் கடிந்துரைக்கும் வெண்பா ஒன்று உண்டு. இரண்டிலும் வினை ஒன்றே. முதலதில் அஃது ஏவல். இரண்டாவதில் அது கண்டனத்தின் நடுவே நிற்பது. தேடுதலை அவர் வெறுக்கவில்லை. தேடியது வழங்காமற் கிடப்பதையே வெறுத்தார். யாழ்ப்பாணத்தார் முதற் கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவுக்குக் கப்பலேறிப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இலிகிதராய் அமர்ந்து, அனுப்பிய பணத்தால் ஊரிலே கல்வீடு எழுப்பியோர் பலர். இரண்டாவது அறிவுரையை எத்தனை பேர் கேட்டனர் என்பதை அவரவர் குடும்பத்தாரே சொல்லவேண்டும்.

இனி, இச்சொல் சட்டத்திலே ஏறிய வரலாற்றுக்கு வருவோம். தமிழ்ச் சொல்லொன்று ஒல்லாந்தர் ஏட்டிலும் ஆங்கிலேயர் சட்டத்திலும் மொழிபெயர்க்கப்படாமலே இடம்பிடித்த வரலாறு அது.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலே, யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்காறுகளைத் திரட்டி எழுதுமாறு தேசாதிபதி கோர்னேலிஸ் யோன் சைமன்ஸ் கட்டளையிட்டார். யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அதனை எழுதி 1707ஆம் ஆண்டில் ஒப்படைத்தார். அது தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டப்பட்டு, அவர்களது உடன்பாடும் பெறப்பட்டது. அதுவே தேசவழமை. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலிமை அளித்தனர்.

தேசவழமை சொத்தை மூவகையாகப் பகுக்கின்றது. கணவன் தன் முன்னோர் வழியாற் கொண்டுவருவது முதுசொம். முது என்பது பழமை. சொம் என்பது உடைமை. மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் கூடி வாழுங்காலத்தில் வந்து சேர்வது தேடிய தேட்டம். ஐசாக்ஸ் இச்சொற்களுக்கு ஒல்லாந்த மொழியில் விளக்கம் எழுதினாராயினும் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டார். ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அவை உரோம எழுத்திலே ஏறின. இன்றும் நம் நீதிமன்றங்களிலே ஆங்கிலத்தில் வாதாடும் அப்புக்காத்துமார் அந்த ஓரிடத்துக்கு வந்ததும் ‘தேடியதேட்டம்’ என்று தமிழிலே சொல்லியாக வேண்டும்.

பழைய வழக்கத்தின்படி தந்தையின் முதுசொம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் இறங்கும். தேட்டமோ ஆண், பெண் என்னும் வேற்றுமையின்றிப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாகப் பகிரப்படும். இதனை எண்ணிப் பாருங்கள். முதுசொத்துக்கும் சீதனத்துக்கும் வந்த வழி உண்டு; ஆகவே போகும் வழியும் முன்னரே வரையப்பட்டிருந்தது. தேட்டத்துக்கு அத்தகைய பழைய தடம் இல்லை. அது அந்த ஒரு தலைமுறையின் வியர்வையாற் பிறந்தது. அதனால் அந்தத் தலைமுறை பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் உரியது. ஐசாக்ஸ் ஏடெழுதிய காலத்திலேயே இவ்வழக்கம் பல இடங்களில் மாறத் தொடங்கியிருந்தது. போர்த்துக்கேயர் காலத்து மாறுதல்களை அவரே குறித்திருக்கின்றார். ஆயினும் பகுப்பின் அடிப்படை மறையவில்லை.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத்து விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தேட்டத்துக்கு வரைவிலக்கணம் கூறிற்று. அதில் இரண்டு கூறுகள் உண்டு. விவாகம் நிலைத்திருக்கும் காலத்தில் கணவனோ மனைவியோ விலை கொடுத்துப் பெற்ற பொருள் ஒன்று. அக்காலத்தில் இருவரில் எவருடைய சொத்திலிருந்தேனும் கிடைத்த பலன் மற்றொன்று. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், தனக்கே உரிய தனிச் சொத்தின் பெறுமதியைக் கொடுத்து வாங்கிய பொருள் தேட்டமாகாது எனத் திருத்திற்று. அவற்றால் எழுந்த வழக்குகளின் நுணுக்கம் சட்டம் கற்றோருக்குரியது. நான் அதனுட் புகவில்லை. தமிழ் ஆசிரியனாகிய எனக்கு வியப்பைத் தருவது அந்த இரண்டாவது கூறே. சீதனக் காணியிலே நிற்கும் மாமரம் சீதனம். அம்மரத்திலே ஆண்டுதோறும் காய்த்து விற்ற மாம்பழத்தின் பணம் தேட்டம். மரத்தை யாரும் தேடவில்லை; அது தாய் தந்தையர் கொடுத்தது. பழத்தையும் யாரும் காடு மலை ஏறித் தேடவில்லை. அது தானே பழுத்தது. அவ்வாறிருந்தும் அது தேட்டமாகின்றது. ஏனெனில் அம்மரத்துக்குத் துலா மிதித்து நீர் பாய்ச்சியவரும், வேலியடைத்தவரும், அணிற் பிள்ளையைக் கலைத்தவரும் அவ்வீட்டார். தேடுதல் என்பதனுள் பேணுதலும் விளைவித்தலும் அடங்கிவிட்டன.

‘தேட்டம்’ என்றாலே போதுமே, அதன் முன் ‘தேடிய’ என்னும் அடை எதற்கு எனச் சிலர் கேட்பதுண்டு. பாடிய பாட்டு, ஆடிய ஆட்டம் என்பன போல வந்தது என்று விடை கூறி அமையலாம். எனக்குத் தோன்றுவது வேறு. தேட்டம் என்னும் பெயருக்கு விருப்பம், ஏக்கம் என்னும் பொருளும் உண்டு. சும்மா ஆசைப்பட்டது வேறு, ஆசைப்பட்டு உழைத்துச் சேர்த்தது வேறு என்று பிரித்துக் காட்டுதற்கு அந்த அடை பயன்பட்டிருக்கலாம். இஃது என் கருத்து, சட்டத்தின் தீர்ப்பன்று.

சட்டம் கணக்கிடாத தேட்டங்களும் உள. சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே ஒரு பானையிற் போட்டு வைக்கும் வழக்கத்தை நம் தாய்மார் கொண்டிருந்தனர். பிடியரிசி என்று அதற்குப் பெயர். கோயிற் பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவ்வரிசி போயிற்று. ஒரு நாளைக்கு ஒரு பிடி என்பது யார் பசியையும் கூட்டுவதன்று. ஓராண்டு முடிவிலே ஓர் ஊரின் பிடியரிசி மூடை மூடையாய் நிற்கும். தேட்டம் என்னும் சொல்லிலே அடங்கிய ‘சிறிது சிறிதாக’ என்னும் கருத்தை மாணாக்கருக்கு விளக்க வேண்டிய போதெல்லாம் நான் அந்தப் பானையையே சொல்வதுண்டு.

சொற்களையும் அவ்வாறே தேடியவர்கள் நம் நாட்டில் இருந்தனர். யாழ்ப்பாணத்து நல்லூரிலே பணியாற்றிய யோசேப்பு நைற் என்னும் பாதிரியார் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றுக்காகச் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். முடிக்கும் முன்னரே காலமானார். அவர் விட்ட சுவடிகள் பிறர் கைமாறின. அதனோடு தொடர்புபட்டு 1842ஆம் ஆண்டிலே மானிப்பாயில் 58,500 சொற்களைக் கொண்ட தமிழ் அகராதி அச்சேறியது. சந்திரசேகர பண்டிதர் அதிலே பெரும் பங்காற்றினார். இறுதியிலே 1862ஆம் ஆண்டு மிறன் வின்சுலோ என்பவர் சென்னையிலே 67,452 சொற்களோடு அப்பேரகராதியை வெளியிட்டார். அட்டையிலே அவர் பெயர் இருந்தாலும் அது பலர் தேடிய தேட்டம். ஒருவர் இறக்க மற்றொருவர் எடுத்துச் சென்றமையால் அது வளர்ந்தது.

எல்லாத் தேட்டமும் அவ்வாறு கைமாறி வளரும் பேறு பெறுவதில்லை. 1933ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்பவர் தமது இல்லத்திலே தொடங்கிய சிறு நூல் நிலையமே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து. அடுத்த ஆண்டிலே வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டிலே அதற்கெனக் கட்டிய அழகிய கட்டடத்துக்கு மாறிற்று. 844 என்பது ஏறக்குறைய 97,000 ஆவதற்கு அரை நூற்றாண்டு அளவாயிற்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே அவை எரிக்கப்பட்டன. எரிவதற்கு ஓர் இரவு போதுமாயிருந்தது. அவற்றுள் ஏட்டுச் சுவடிகளும், வேறெங்கும் படியில்லாத நூல்களும் இருந்தன. கட்டடம் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. இன்று பிள்ளைகள் அங்கே சென்று படிக்கின்றனர். கட்டடத்தைக் காசு கொடுத்துக் கட்டலாம். காசு கொடுத்தாலும் வாங்க முடியாத நூல்களை எவ்வாறு மீட்பது?

அதற்கு விடை காண்பார் போல, ஈழத்துத் தமிழ் நூல்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி நூலகவியலாளர் என். செல்வராஜா அவர்கள் 2002ஆம் ஆண்டு முதலாகத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருவதற்கு ‘நூல்தேட்டம்’ என்றே பெயர் சூட்டினார். ஒரு தொகுதியிலே ஆயிரம் நூல்களின் விவரம் அடங்கும். அப்பெயர் எத்துணைப் பொருத்தமானது! இழந்ததைத் தேடுதல், கிடைத்ததைச் சேர்த்தல் என்னும் இரு பொருளும் அங்கே ஒரே சொல்லிற் கூடி நிற்கின்றன. காட்சிச்சாலை, களஞ்சியம், திரட்டு என எத்தனையோ சொற்கள் இருந்தும் நம் கிராமத்துச் சொல்லை அவர் எடுத்தாண்டமை எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவிலே வலிகாமத்து மக்கள் மழையிலே நடந்து ஊரை விட்டகன்றபோது தேட்டம் என்பது இருந்தவிடத்தில் இருந்துவிட்டது. வீட்டையோ கிணற்றையோ தலையிலே சுமக்க இயலுமா? பலர் கையோடு கொண்டுபோனது காணி உறுதிகளையும் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையுமே. நொத்தாரிசு எழுதிய அந்த உறுதிகளிலே ‘தேடியதேட்டம்’ என்னும் சொல் மை மங்கிக் கிடந்தது. தாள் கையிலும் தரை எங்கோவுமாய்ப் பல்லாண்டு கழிந்த குடும்பங்கள் பல.

இவற்றையெல்லாம் வகுப்பிலே ஒருமுறை விளக்கிக்கொண்டிருந்தேன். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, எங்கள் தம்பி அம்மாவைத் தேடுகிறான் என்று அம்மம்மா சொல்கிறாவே, அது எந்தத் தேடுதல்?” என்று கேட்டாள். அவளுடைய தாயார் தொழிலின் பொருட்டு மத்திய கிழக்கு நாடொன்றுக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பிக்கு அப்பொழுது நான்கு வயது.

நல்ல கேள்வி. பிள்ளை தாயைத் தேடுகின்றது என்றால், அது வீடெல்லாம் சுற்றிப் பார்க்கின்றது என்பது பொருளன்று. உண்ண மறுத்து, உறக்கம் குலைந்து, காய்ச்சலும் கண்டு கிடக்கும் அந்த ஏக்கத்தையே அவ்வாறு கூறுவர். சற்றுமுன் நான் கூறிய, விருப்பம், ஏக்கம் என்னும் பொருள் இதுவே. தொலைந்ததை நாடுதல், இல்லாமைக்கு ஏங்குதல், இல்லாமை தீரும்படி சேர்த்தல் என மூன்று படிகள் இவ்வினைக்கு உண்டு என்று அவளுக்குச் சொன்னேன். தாய் தேடச் சென்றிருக்கிறாள், தம்பி தேடிக்கொண்டிருக்கிறான் என்பதை நான் சொல்லவில்லை. அவளே அதனைத் தன் கொப்பியில் இரண்டு வாக்கியமாக எழுதி, ஒவ்வொன்றன் எதிரிலும் பொருள் வேறுபாட்டைக் குறித்து என்னிடம் காட்டினாள். இலக்கணப்படி இரண்டும் பிழையற்றன. சரியடையாளம் இட்டுக் கொடுத்தேன்.

அன்று மாலை அகராதியை எடுத்துத் ‘தேடு’ என்பதன் கீழ் உள்ள பொருள்களை மீண்டும் ஒருமுறை படித்தேன். நாடுதல் இருந்தது, சம்பாதித்தல் இருந்தது. அவள் தம்பியினது தேடுதலை விளங்கவைக்கும் வரி என் கையிலிருந்த அகராதியில் இல்லை. அதன் ஓரத்திலே பென்சிலால் எழுதி வைத்திருக்கின்றேன்.